கீமோ ஏறும்போது ஒரு கதிரை

மட்டக்களப்பில் உளவளத்துணையாளராக இருக்கிறேன். புற்றுநோய் வார்டில் வேலை பழகப் புதிதாக வருகிற இளம் உளவளத்துணையாளர்களுக்கு முதலில் சொல்வது: ஐம்பது நிமிட அமர்வை மறந்துவிடுங்கள். வாகரையிலிருந்து விடியப்புறம் பஸ் ஏறி வந்தவருக்கு, கீமோ ஏறும்போது இருபது நிமிடமே பெரிய காரியம். கதிரையை அவர் கழுத்தைத் திருப்பாமல் பார்க்கக்கூடிய இடத்தில் போடுங்கள்.

"மனசு எப்படி?" என்று தொடங்காதீர்கள். "இரவு நித்திரை வந்ததா அக்கா? என்ன சாப்பிட முடிஞ்சது?" போதும். பிறகு மனப்பாரத்துக்கு 0 முதல் 10 வரை ஓர் எண் சொல்லச் சொல்லுங்கள். 4 அல்லது அதற்கு மேலென்றால் காரணத்தை விசாரியுங்கள். பலமுறை அது மரணபயமாக இராது, பஸ் காசாக இருக்கும்.

சிக்கல் குடும்பத்தில்தான். "அம்மாவுக்குக் கட்டி எண்டுதான் சொல்லியிருக்கிறம் மிஸ், சொல்லிப்போடாதீங்க" என்று மகன் வாசலில் மறிப்பார். பொய்க்கு உடன்படாதீர்கள், நோயின் பெயரை நீங்களாக உடைக்கவும் வேண்டாம், அது வைத்தியரின் வேலை. "உங்கட வருத்தத்தைப் பற்றி என்ன விளங்கியிருக்கு?" என்று மட்டும் கேளுங்கள். பாய் பின்னும் ஓர் அம்மா சிரித்தார்: "தெரியும் மகள். அவன் தாங்கமாட்டான் எண்டுதான் பேசாம இருக்கன்." அடுத்த கிழமை இருவரையும் ஒன்றாக இருத்திக் கதைத்தோம்.

பசியின்மையும் களைப்பும் கீமோவாலும் வரும், மனச்சோர்வாலும் வரும். ஆகவே அவற்றை மட்டும் வைத்து மனச்சோர்வென்று முடிவெடுக்காமல், குற்றவுணர்வு, எதிலும் விருப்பமின்மை இருக்கிறதா என்று பாருங்கள். சாகும் எண்ணம் உண்டா என்று நேராகவே கேளுங்கள். உண்டென்றால் அன்றைக்கே மனநல வைத்தியரிடம் கூட்டிப் போங்கள்.

ஸ்கேன் முடிவு வரும் கிழமையில் நான் புதிதாக எதையும் கிளறுவதில்லை. மூச்சுப் பயிற்சி மட்டும்.