கோபம் வந்தால் மூச்சை நீளமாக விடுங்கள்

சேலம் ஐந்து ரோட்டில் சாயங்காலம் ஆறு மணிக்கு வண்டி ஓட்டுகிறவர்களுக்குக் கோபத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. போன வாரம் சிக்னலில் பின்னால் நின்றவர் விடாமல் ஹாரன் அடித்தார். இறங்கிச் சண்டைக்கே போயிருப்பேன். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்ததில் விரல் முட்டியெல்லாம் வெளுத்திருந்தது. அதைப் பார்த்ததும்தான் இந்த மூச்சுப் பயிற்சி ஞாபகம் வந்தது.

மனதுக்குள் நொடிக்கு ஒன்றாக 4 எண்ணும்வரை மூக்கு வழியாக மூச்சை இழுங்கள். அப்புறம் 6 எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். நிமிடத்துக்கு 6 மூச்சு வரும். கோபத்தில் அட்ரினலின் சுரந்து இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் எகிறுகின்றன. மூச்சை விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்குப் போகிற வேகஸ் நரம்பு அந்தத் துடிப்பைத் தணிக்கிறது. அதனால் இழுப்பதைவிட விடுவதுதான் முக்கியம். ‘நல்லா இழு, இழு’ என்று சிலர் சொல்வார்கள். வேகவேகமாக இழுத்தால் தலைதான் சுற்றும்.

இரண்டு நிமிடம் போதும். ஆனால் கோபம் வந்த பிறகு முதல்முறையாகச் செய்து பார்த்தால் வராது, சும்மா இருக்கும்போதே பழகுங்கள். ஏற்காடு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன, தாராளமாக நேரம் கிடைக்கும். (மலையில் இறங்குகிற வண்டி ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது விதி. யார் விடுகிறார்கள்? அதற்கும் இதே மூச்சுதான்.)

பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதை நம்பி நிறுத்திவிடாதீர்கள். நெஞ்சு வலித்தால், வலி கைக்கோ தாடைக்கோ பரவினால், எண்ணிக்கொண்டு உட்காராமல் உடனே 108-க்கு போன் செய்யுங்கள்.