தொற்றுக் காலத்தில் சாப்பாட்டுக் கடை: முதல் வேலை காற்றுக்கு வழி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட், பீடோர் மாதிரித் தோட்டப்புற ஊர்களில் நம் சாப்பாட்டுக் கடைகள் பல பழைய கடைவீடுகளில்தான் நடக்கின்றன. முன்பக்கம் அகலமாகத் திறந்திருக்கும். உள்ளே போகப் போகக் காற்று செத்துவிடும். கோவிட் மாதிரித் தொற்றுக்கு அந்தப் பின்பாதிதான் வசதி. மேசைகளைத் தள்ளிப் போட்டால் மட்டும் போதாது. 2020 ஜனவரியில் சீனாவின் குவாங்சோ நகரில், சன்னல் இல்லாத ஓர் உணவகத்தில், குளிர்சாதனம் உள்காற்றையே சுழற்றியதில் பக்கத்து மேசைக் குடும்பங்களுக்கும் தொற்று பரவியது.

படி 1: காற்று. கடைசி மேசையில் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி வையுங்கள். புகை அங்கேயே சுற்றினால் காற்று தேங்குகிறது என்று பொருள். பின்சுவரில், காற்றை வெளியே தள்ளும் விசிறி ஒன்றைப் பொருத்திவிட்டு மறுபடி பாருங்கள். புகை ஒரே போக்காக வெளியேற வேண்டும். தலையாட்டும் சுவர் விசிறி ஒரு மேசையின் மூச்சை அடுத்த மேசைக்கு அனுப்பும். அதை ஆட விடாமல், காற்று வெளியேறும் பக்கம் திருப்பி வையுங்கள்.

படி 2: கை கழுவும் இடம். பலர் கவனிக்காத இடம் இதுதான். முகக்கவரி இல்லாமல் நாலைந்து பேர் நெருங்கி நின்று, வாய் கொப்பளித்துத் துப்புகிறார்கள். இரண்டு குழாய்க்கு ஒன்றை மூடுங்கள். சவர்க்காரம் எப்போதும் இருக்கட்டும். முடிந்தால் தொட்டியை வெளியே, கடை முன்னால் இருக்கும் ஐந்தடிப் பாதையின் ஓரத்துக்கு மாற்றுங்கள்.

படி 3: இலைச் சாப்பாடு. பரிமாறுபவர் குனியும்போது முகத்துக்கு முகம் நெருங்குகிறது. சோறு, கறி, ரசம் எல்லாம் வைத்து முடித்தபின் வாடிக்கையாளர் முகக்கவரியைக் கழற்றட்டும். மறுசோறு கேட்டால், பரிமாறுபவர் பக்கவாட்டில் நின்று போடட்டும்.

படி 4: மேசை. முதலில் சவர்க்காரத் தண்ணீரால் எண்ணெய்ப் பிசுக்கை எடுங்கள். பிசுக்கின் மேல் குளோராக்ஸ் (கிருமி கொல்லும் குளோரின் திரவம்) ஊற்றினால் அதன் வேகம் அங்கேயே தீர்ந்துவிடும். 5 விழுக்காட்டுக் குளோராக்ஸ் என்றால் 1 லிட்டர் பச்சைத் தண்ணீருக்கு 20 மில்லி, அதாவது 4 தேக்கரண்டி. துணியில் நனைத்துத் துடைத்து, 10 நிமிடம் ஈரமாக விட்டு, பிறகு நல்ல தண்ணீரால் துடையுங்கள். சுடுதண்ணீரில் கலந்தாலும், நேற்றுக் கலந்து வைத்ததை எடுத்தாலும் வீரியம் குறைந்திருக்கும். கழிவறை கழுவும் அமிலத்தோடு கலக்கவே கூடாது; நச்சுவாயு கிளம்பும்.

கள்ளுக்கடைக்கும் இதே முறைதான். கூடுதலாக ஒன்று: பாட்டுச் சத்தத்தைக் குறையுங்கள். கத்திப் பேசும்போது வாயிலிருந்து நீர்த்துளிகள் அதிகம் தெறிக்கும்.

படி 5: வேலையாட்கள். காய்ச்சல், இருமல், தொண்டை வலி இருந்தால் வரவேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த நாளுக்கும் சம்பளம் கொடுங்கள். கொடுக்காவிட்டால் பெனடோல் (காய்ச்சல் மாத்திரை) போட்டுக்கொண்டு வந்து நிற்பார். அப்போது நெற்றியில் வைக்கும் வெப்பமானி காய்ச்சலைக் காட்டாமல் போகலாம். அறிகுறி தெரிய ஓரிரு நாள் இருக்கும்போதே ஒருவர் தொற்றைப் பரப்பக்கூடும் என்பதால், சமையற்கட்டில் இருப்பவர் உட்பட எல்லோரும் மூக்கு மூடும்படி முகக்கவரி போட்டே வேலை செய்யட்டும். வேர்வையில் நனைந்தால் உடனே மாற்ற, ஆளுக்குக் குறைந்தது மூன்று முகக்கவரி வாங்கி வையுங்கள்.