ஃப்ளூ கண்காணிப்பு: ஸ்வாப் எடுக்கும் மேசையிலிருந்து தொடங்கும் தவறுகள்

2021 ஜூலையில் ஹரியானாவைச் சேர்ந்த 11 வயதுச் சிறுவன் ஒருவன் டெல்லி எய்ம்ஸில் இறந்தான். பரிசோதனையில் இன்ஃப்ளூயன்சா ஏ என்று வந்தது. ஆனால் வழக்கமாக வரும் பருவகால வகைகளில் எதிலும் அது சேரவில்லை. மாதிரி புனே தேசிய வைராலஜி நிறுவனத்துக்குப் போனது. அங்கே தெரிந்தது: எச்5என்1, பறவைக் காய்ச்சல். இந்தியாவில் மனிதரிடம் அது உறுதியானது அதுதான் முதல் முறை. 'ஏ பாசிட்டிவ்' என்று எழுதி அத்தோடு விட்டிருந்தால் நமக்குத் தெரியாமலே போயிருக்கும்.

அதனால் நான் முதலில் சொல்லும் தவறு, ஏ என்று வந்ததும் நிறுத்திவிடுவது. பருவகாலத்தில் வரும் ஏ வகைகளான எச்1, எச்3 இரண்டும் பார்த்து இரண்டும் நெகட்டிவ் என்றால், அன்றைக்கு வந்த மாதிரிகளில் அதுதான் மிக முக்கியமானது. வைரஸ் அளவு குறைவாக இருந்தாலும் வகை பிரியாது, உண்மைதான். சரி, இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள், ஆனால் புனேவுக்கு அனுப்புவதைத் தள்ளிப்போடாதீர்கள். 2009 பெருந்தொற்றும் கலிஃபோர்னியாவில் இப்படி வகை பிரியாத இரண்டு குழந்தைகளின் மாதிரிகளில்தான் முதலில் பிடிபட்டது.

ஆனால் ஆய்வகம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், வந்து சேரும் குழாய் சரியில்லை என்றால் பயனில்லை. மரக்குச்சியில் பஞ்சு சுற்றிய ஸ்வாப் வேண்டாம், அது பிசிஆரை, அதாவது வைரஸின் மரபணுவைத் தேடும் பரிசோதனையைக் கெடுக்கும். பாலியஸ்டர் அல்லது நைலான் முனை, பிளாஸ்டிக் குச்சி. மூக்கிலும் தொண்டையிலும் எடுத்து ஒரே விடிஎம் குழாயில், அதாவது வைரஸைக் கெடாமல் வைக்கும் திரவம் உள்ள குழாயில் போடலாம்.

அப்புறம் வெள்ளிக்கிழமை மாலைப் பிரச்சினை. வண்டி திங்கள்தான் வரும் என்று குழாயைச் சாதாரண ஃப்ரீசரில், மைனஸ் 20இல் வைத்துவிடுகிறார்கள். அங்கே வைரஸ் செத்துப்போகும். பிசிஆரில் பாசிட்டிவ் வரலாம், ஆனால் வளர்க்க முடியாது. உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் கூடித் தடுப்பூசிக்கான வைரஸைத் தேர்ந்தெடுக்கும்போது உயிருள்ள வைரஸ்தான் வேண்டும். 2 முதல் 8 டிகிரியில், ஐஸ் பேக் போட்ட பெட்டியில், 72 மணி நேரத்துக்குள் சேர்த்துவிடுங்கள். முடியாது என்றால் மைனஸ் 70தான்.

யாரிடம் எடுப்பது என்பதிலும் கோட்டை விடுகிறோம். 38 டிகிரி காய்ச்சல், இருமல், தொடங்கி 10 நாளுக்குள். கண்காணிப்புக்கு யாரிடம் மாதிரி எடுக்கலாம் என்பதற்கு இதுதான் வரையறை. மோசமாகத் தெரிபவரிடம் மட்டும் எடுத்தால் கணக்கு கோணலாகிவிடும். அன்று ஓ.பி.க்கு வந்தவர்கள் மொத்தம் எத்தனை பேர் என்று குறிக்காவிட்டால், பாசிட்டிவ் எண்ணிக்கை கூடியது நோயாலா, கூட்டத்தாலா என்று சொல்லவே முடியாது. காய்ச்சல் தொடங்கிய தேதி காலியாக இருக்கும் படிவத்தையும் வாங்காதீர்கள்.

பரிசோதனை கிட், ரீஏஜென்ட் (அதற்கான வேதிப்பொருள்) எல்லாம் நாடு முழுக்க ஒரே மாதத்தில் வாங்குவதும் தவறு. ஸ்ரீநகரில் ஃப்ளூ குளிர்காலத்தில் ஏறும், சென்னையில் வடகிழக்குப் பருவமழையோடு. இங்கே செப்டம்பருக்குள் கையிருப்பு வேண்டும்.

பலரும் நினைத்துப் பார்க்காத ஒன்று: முடிவைத் திருப்பிச் சொல்லாதது. மழையில் நனைந்து வந்த குழந்தையின் மூக்கில் ஸ்வாப் விட்ட நர்ஸுக்கு, அது என்னவாயிற்று என்று கடைசிவரை தெரிவதில்லை. இரண்டு மாதம் இப்படிப் போனால் குழாய்கள் வருவதே குறையும். வாரம் ஒருமுறை அவருக்கு ஒரு ஃபோன் போடுங்கள்.