டிவிடி அலமாரியிலிருந்து டிவி திரைக்கு: வீட்டுத் திரையரங்குக் கணினி அமைக்கும் செய்முறை

எங்கள் வீட்டு இரும்பு பீரோவின் கீழ்த்தட்டில் அப்பா இருபது ஆண்டுகளாக வாங்கிச் சேர்த்த விசிடிகளும் டிவிடிகளும் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அவற்றை ஓட்டிய பிளேயர் பழுதானபோது புதிய பிளேயர் கடைகளில் எளிதில் கிடைக்கவில்லை. தகடுகளை எடுத்துப் பார்த்தால் சிலவற்றின் பின்புறம் மங்கத் தொடங்கியிருந்தது. அந்தச் சேமிப்பு முழுவதையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, டிவி ரிமோட்டை அழுத்தினால் அம்மாவே படம் பார்க்கும்படி செய்ததில் நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். கணினியை இணைத்து இயக்குவதற்கு ஒரு மாலைப்பொழுது போதும். படங்களை ஒழுங்காகப் பெயரிட்டு, இழந்துவிடாதபடி காப்பதற்குத்தான் பொறுமை வேண்டும் என்பதால், இந்த விளக்கமும் அந்தப் பகுதிகளிலேயே அதிக நேரம் நிற்கும்.

முதல் படி: சேமிப்பின் அளவைக் கணக்கிடுதல்

எதையும் வாங்குவதற்கு முன் உங்களிடம் உள்ள தகடுகளை எண்ணிப் பாருங்கள். ஒரு விசிடி ஏறத்தாழ 650 முதல் 700 எம்பி வரை இடம் பிடிக்கும். ஒரு தமிழ்ப் படம் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று விசிடிகளில் வந்திருக்கும். டிவிடியில் ஒற்றை அடுக்குத் தகடு 4.7 ஜிபி, இரட்டை அடுக்குத் தகடு 8.5 ஜிபி. புளூரே தகட்டில் 25 அல்லது 50 ஜிபி. என் கணக்குப்படி ஒரு டிவிடிக்குச் சராசரியாக 6 ஜிபி, ஒரு புளூரேக்கு 30 ஜிபி என்று வைத்துக்கொண்டால், 200 டிவிடிகளும் 50 புளூரேக்களும் சேர்ந்து 2,700 ஜிபி ஆகும். இதற்கு 4 டிபி டிஸ்க் பொருத்தமாக இருக்கும். தயாரிப்பாளர்கள் ஆயிரத்தின் மடங்காகவும் விண்டோஸ் 1,024இன் மடங்காகவும் எண்ணுவதால், 4 டிபி டிஸ்க்கைச் செருகியதும் 3.63 டிபி என்றே காட்டும். டிஸ்க்கில் குறை என்று எண்ண வேண்டாம்.

அதே அளவில் இரண்டாவது டிஸ்க் ஒன்றையும் இப்போதே செலவுக் கணக்கில் சேர்த்துவிடுங்கள். நான் முதலில் ஒரே டிஸ்க்கை நம்பி எட்டு மாத உழைப்பை அதில் வைத்திருந்தேன். ஒரு நாள் அது கடகடவென்று ஒலி எழுப்பி நின்றுபோனது. நூற்றுக்கும் மேற்பட்ட தகடுகளை மறுபடியும் முதலிலிருந்து ஏற்ற வேண்டியதாயிற்று. அவற்றுள் நான்கு இரண்டாம் முறை படிக்கப்படவே இல்லை. அந்த நான்கில் ஒன்று என் அக்காவின் திருமண டிவிடி.

இரண்டாம் படி: கணினியைத் தேர்ந்தெடுத்தல்

விசிடி, டிவிடி, சாதாரண புளூரே அளவிலான படங்களுக்கு 2019இல் வெளிவந்த ராஸ்பெரி பை 4 போதுமானது என்பது என் அனுபவம். உள்ளங்கை அளவே உள்ள இந்தக் கணினியை மின்விசிறி இல்லாத உலோக உறைக்குள் வைத்தால் சத்தமே எழாது. எச்டிஎம்ஐ வடத்தின் வழியாகவே டிவி ரிமோட்டின் கட்டளைகளைப் பெறும் சிஇசி என்னும் வசதியும் இதில் உள்ளது. மேசைக் கணினிகள் பெரும்பாலானவற்றில் இந்த வசதி கிடையாது என்பதால் அவற்றுக்குத் தனி ரிமோட்டோ சிறிய விசைப்பலகையோ வாங்க நேரும். வீட்டுப் பெரியவர்கள் பயன்படுத்தப்போகும் கணினி என்றால் சிஇசி உள்ளதையே வாங்குங்கள் என்று அழுத்திச் சொல்வேன்.

பழைய மேசைக் கணினியோ மடிக்கணினியோ சும்மா கிடந்தால் அதையும் பயன்படுத்தலாம். ஆனால் 4கே படங்களில் பரவலாக உள்ள 10 பிட் எச்இவிசி என்னும் படச் சுருக்க முறையை இன்டெல் செயலிகளில் ஏழாம் தலைமுறையிலிருந்துதான் வன்பொருளே முழுமையாகப் பிரித்துக் காட்டுகிறது; அதற்கு முந்தைய கணினியில் படம் திக்கித் திணறும். புதிதாக வாங்குவதானால் இன்டெல் என்100 செயலி கொண்ட சிறு கணினிகள் ஏவி1 முறையையும் சேர்த்துக் கையாளும்.

ராஸ்பெரி பை 4 வாங்குபவர்கள் மூன்று துணைப்பொருட்களில் கவனம் வைக்க வேண்டும். முதலாவது, 5 வோல்ட் 3 ஆம்பியர் தரும் யுஎஸ்பி-சி மின்னிணைப்பி. கைபேசி சார்ஜரைச் செருகினால் மின்சாரம் போதாமல் கணினி நடுவே நின்றுவிடக்கூடும். இரண்டாவது, ஒரு முனையில் மைக்ரோ எச்டிஎம்ஐ உள்ள வடம். கணினியில் இரண்டு துளைகள் இருக்கும், மின் துளைக்கு அருகில் உள்ளதிலேயே செருகுங்கள். மூன்றாவது, ஹார்ட் டிஸ்க்குக்கு வேண்டிய மின்சாரம். இந்தக் கணினியின் நான்கு யுஎஸ்பி துளைகளும் சேர்ந்தே 1.2 ஆம்பியர்தான் தரும் என்பதால், தனக்கென்று தனி மின்னிணைப்பி உள்ள 3.5 அங்குல டிஸ்க்கே பாதுகாப்பானது.

மூன்றாம் படி: தகடுகளை ஏற்றுதல்

இதை டிவிடி அல்லது புளூரே டிரைவ் உள்ள வேறொரு கணினியில் செய்ய வேண்டும். பணம் கொடுத்து வாங்கிய உங்கள் தகடுகளை உங்கள் வீட்டுப் பயன்பாட்டுக்காக மட்டும் ஏற்றுங்கள். பூட்டுள்ள தகடுகளைத் திறப்பது பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் 65ஏ என்னும் பிரிவை இதற்கெனச் சேர்த்துள்ளது. அதை ஒருமுறை படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

விசிடியைச் செருகினால் அதனுள் 'எம்பெக்ஏவி' என்ற கோப்புறை தெரியும். அதிலுள்ள பெரிய 'டேட்' கோப்புதான் படம். அதை விஎல்சி நேரடியாக ஓட்டும். அதே மென்பொருளின் 'கன்வெர்ட்' வசதியால் எம்பி4 ஆகவும் மாற்றிக்கொள்ளலாம். விசிடியின் படம் 352க்கு 288 புள்ளிகள் மட்டுமே கொண்டது. எந்த மென்பொருளாலும் அதில் இல்லாத தெளிவைச் சேர்க்க முடியாது என்பதால் பெரிதாக்கும் முயற்சியில் நேரம் செலவிட வேண்டாம்.

டிவிடிக்கும் புளூரேக்கும் நான் பயன்படுத்துவது மேக்எம்கேவி. தகட்டில் துண்டு துண்டாக உள்ள படத்தை இது மறுசுருக்கம் செய்யாமல், தரம் சிறிதும் குறையாமல், ஒரே எம்கேவி கோப்பாகத் தொகுத்துத் தருகிறது. தகட்டைத் திறந்ததும் பல தலைப்புகளைப் பட்டியலிடும். பெரும்பாலும் அவற்றில் மிக நீளமானதே படம். அதன் கீழே ஒலித்தடங்களும் வசன வரிகளும் தனித்தனியே இருக்கும். தமிழ் ஒலியையும் உங்களுக்கு வேண்டிய வசன வரிகளையும் குறியிட்டுவிட்டு மற்றவற்றை நீக்கலாம்.

இடத்தை மிச்சப்படுத்த ஹேண்ட்பிரேக் கொண்டு கோப்புகளைச் சுருக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். டிவிடிகளைச் சுருக்க வேண்டாம் என்பதே என் கருத்து. ஏற்கெனவே சுருங்கிய படத்தை மீண்டும் சுருக்கினால் இருட்டுக் காட்சிகளில் கட்டம் கட்டமாகத் தெரியும். அதோடு, பழைய டிவிடிகள் சிலவற்றில் ஒவ்வொரு சட்டகமும் இரு பாதிகளாகப் பின்னப்பட்டிருப்பதால், அதற்குரிய அமைப்பைக் கவனிக்காமல் சுருக்கினால் அசையும் உருவங்களின் ஓரத்தில் சீப்புப் பல் போன்ற கோடுகள் நிரந்தரமாகப் பதிந்துவிடும். மூலக் கோப்பை அப்படியே வைத்திருந்தால் ஓட்டும்போது மென்பொருளே அதைச் சரிசெய்துகொள்ளும். புளூரேக்களை மட்டும், இடம் உண்மையிலேயே போதாதபோது சுருக்குங்கள்.

நான்காம் படி: பெயரிடுதல்

ஆறாம் படியில் நிறுவப்போகும் மென்பொருள், படத்தின் பெயரை வைத்தே அதன் சுவரொட்டியையும் விவரங்களையும் இணையத்தில் தேடித் தரும். இந்தப் படியில் அவசரப்பட்டவர்கள்தான் பின்னர் தவறான சுவரொட்டிகளோடும் காணாமற்போன படங்களோடும் போராடுகிறார்கள். விதி எளிது. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கோப்புறை. அதன் பெயர் படத்தின் பெயரும், அடைப்புக்குறிக்குள் வெளியான ஆண்டும். உள்ளே உள்ள கோப்புக்கும் அதே பெயர். ஆண்டு ஏன் அவசியம் என்பதற்குத் தமிழிலேயே நல்ல எடுத்துக்காட்டு உண்டு: பில்லா என்ற பெயரில் 1980இல் ஒரு படமும் 2007இல் இன்னொரு படமும் வந்தன. ஆண்டு இல்லாமல் 'பில்லா' என்று மட்டும் இருந்தால், விவரம் தேடும் மென்பொருள் எதைக் காட்டும் என்று சொல்ல முடியாது. 'பில்லா (1980)' என்றால் குழப்பமே இல்லை. பெயரை ஆங்கில எழுத்தில் இடுவதே நல்லது. தமிழ்ப் பெயர்களை ஆங்கிலத்தில் பலவாறாக எழுதுகிறோம் என்பதால், 'தி மூவி டேட்டாபேஸ்' தளத்தில் தேடி, அங்குள்ள எழுத்துக்கூட்டலையே பின்பற்றுங்கள்.

இரண்டு, மூன்று விசிடிகளில் உள்ள படத்தின் கோப்புகளுக்கு ஒரே பெயரிட்டு, இறுதியில் 'சிடி1', 'சிடி2' என்று ஆங்கிலத்தில் சேர்த்தால் அவை ஒரே படமாக இணைந்து தொடர்ந்து ஓடும். தனி வசன வரிக் கோப்பு இருந்தால் அதற்கும் படக்கோப்பின் பெயரையே இடுங்கள். அது தமிழில் இருந்தால் யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமிக்க வேண்டும், இல்லையெனில் புரியாத குறிகள் தோன்றும்.

திருமணம், காதுகுத்து, பள்ளி ஆண்டுவிழா போன்ற வீட்டு ஒளிப்பதிவுகளைத் திரைப்படங்களோடு கலக்காதீர்கள். அவற்றுக்கு எந்தத் தளத்திலும் விவரம் கிடைக்காது என்பதால், 'குடும்பம்' என்று தனிக் கோப்புறை அமைத்து, ஆண்டை முன்னே எழுதி அடுக்குங்கள். எங்கள் வீட்டில் அதிகமாகத் திறக்கப்படுவது அந்தக் கோப்புறைதான்.

ஐந்தாம் படி: டிஸ்க்கை வடிவமைத்தல்

வடிவமைத்தல் (ஃபார்மட்) என்பது டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கும் முறையைத் தேர்ந்தெடுப்பது. எஃப்ஏடி32 முறையில் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது. டிவிடி படங்களே அதைத் தாண்டும். எக்ஸ்ஃபேட் முறையில் அந்தத் தடை இல்லாவிட்டாலும், எழுதும் வேலையைக் குறித்து வைக்கும் பதிவேடு அதில் கிடையாது. எழுதிக்கொண்டிருக்கையில் மின்சாரம் போனால் கோப்புறைகள் சிதையக்கூடும். மின்வெட்டு உள்ள ஊரில் விண்டோஸ் கணினியோடும் டிஸ்க்கைப் பகிர்வதானால் என்டிஎஃப்எஸ் முறையைத் தேர்ந்தெடுங்கள். வடிவமைத்தால் டிஸ்க்கில் உள்ளவை அழிந்துவிடும் என்பதால் படங்களை ஏற்றும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும்.

ஆறாம் படி: மென்பொருளை நிறுவுதல்

படங்களைக் காட்டும் பணிக்கு கோடி என்னும் இலவச மென்பொருளைப் பரிந்துரைக்கிறேன். 2002இல் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவிக்காகத் தன்னார்வலர்கள் தொடங்கிய இது, 2014இல் இப்போதைய பெயரைப் பெற்றது. இதை மட்டும் இயக்குவதற்கென்றே உருவான சிறிய இயங்குதளம் லிப்ரெஎலெக். அதன் தளத்தில் கிடைக்கும் 'யுஎஸ்பி-எஸ்டி கிரியேட்டர்' கருவியை உங்கள் விண்டோஸ் கணினியில் இயக்கி, ராஸ்பெரி பை 4க்கு உரிய பதிப்பைத் தேர்ந்தெடுத்து, 16 ஜிபி மைக்ரோஎஸ்டி அட்டையில் எழுதுங்கள். அட்டையைச் செருகி மின்சாரம் கொடுத்தால், தன்னைச் சீரமைத்துக்கொண்டு ஒருமுறை மீண்டும் தொடங்கும். பிறகு மொழி, வைஃபை ஆகியவற்றைக் கேட்கும். அங்கே 'சாம்பா' என்பதை இயக்கிவிட்டால், பின்னாளில் புதிய படங்களை வேறு கணினியிலிருந்து வலையமைப்பு வழியாகவே அனுப்பலாம். பழைய கணினியில் நிறுவுபவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: நிறுவும் டிஸ்க் முழுவதையும் லிப்ரெஎலெக் அழித்துவிடும்.

இனி படங்களைச் சேர்க்க வேண்டும். 'வீடியோஸ்', 'ஃபைல்ஸ்', 'ஆட் வீடியோஸ்' என்று சென்று டிஸ்க்கில் உள்ள திரைப்படக் கோப்புறையைக் காட்டுங்கள். அடுத்து வரும் பக்கத்தில் உள்ளடக்கம் 'மூவிஸ்' என்றும், ஒவ்வொரு படமும் தன் பெயருள்ள தனிக் கோப்புறையில் இருக்கிறது என்றும் குறியிடுங்கள். சிறிது நேரத்தில் சுவரொட்டிகளும் நடிகர் பெயர்களும் கதைச்சுருக்கமும் வரிசையாக வந்து சேரும். 'குடும்பம்' கோப்புறைக்கு உள்ளடக்கம் 'நன்' என்று விட்டுவிடுங்கள்.

ஏழாம் படி: படமும் ஒலியும்

திரைப்படம் நொடிக்கு 24 சட்டகங்களில் எடுக்கப்படுகிறது. டிவியோ வழக்கமாக 60 முறை புதுப்பிக்கிறது. 60ஐ 24ஆல் மீதமின்றி வகுக்க முடியாததால் ஒரு சட்டகம் மூன்று முறையும் அடுத்தது இரண்டு முறையும் காட்டப்படும். கேமரா மெதுவாகத் திரும்பும் காட்சிகளில் இதனால் ஒரு நடுக்கம் தெரியும். கோடியின் அமைப்புகளில் 'பிளேயர்', 'வீடியோஸ்' பகுதிக்குச் சென்று 'அட்ஜஸ்ட் டிஸ்பிளே ரிஃப்ரெஷ் ரேட்' என்பதை 'ஆன் ஸ்டார்ட் / ஸ்டாப்' என்று மாற்றினால், படத்துக்கேற்ப டிவியே 24 அல்லது 50 என மாறிக்கொள்ளும். இந்த ஒரு மாற்றத்தால் கிடைத்த இதத்தை வேறெந்தச் செலவும் எனக்குத் தரவில்லை.

புளூரே படங்களில் இசை அதிர, வசனம் மட்டும் கேட்காமல் போவது பலருக்கும் உள்ள குறை. ஆறு தட ஒலியை டிவியின் இரண்டு ஒலிபெருக்கிகளுக்குள் அடக்குவதால் இது நேர்கிறது. அமைப்புகளின் நிலையை 'எக்ஸ்பர்ட்' ஆக்கி, 'சிஸ்டம்', 'ஆடியோ' பகுதியில் 'மெயின்டெய்ன் ஒரிஜினல் வால்யூம் ஆன் டவுன்மிக்ஸ்' என்பதை இயக்கிப் பாருங்கள்.

ரிமோட் வேலை செய்யவில்லை என்றால், டிவியின் அமைப்புகளில் சிஇசி அணைந்திருக்கும். சாம்சங்கில் அது எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்பிளிங்க், சோனியில் பிராவியா சிங்க் என்ற பெயர்களில் இருக்கிறது.

எட்டாம் படி: காத்தல்

எல்லாம் சரியாக அமைந்தபின், அமைப்புகளில் 'மீடியா', 'லைப்ரரி' பகுதிக்குச் சென்று 'எக்ஸ்போர்ட் லைப்ரரி' என்பதைத் தனித்தனிக் கோப்புகளாகச் செய்யுங்கள். சுவரொட்டிகளும் விவரங்களும் அந்தந்தப் படத்தின் கோப்புறைக்குள்ளேயே எழுதப்பட்டுவிடும். நாளை எஸ்டி அட்டை கெட்டாலும், திருத்திய பெயர்களையெல்லாம் மறுபடி திருத்த வேண்டியிராது. பிறகு டிஸ்க் முழுவதையும் இரண்டாவது டிஸ்க்குக்குப் படியெடுங்கள். மாதம் ஒருமுறை புதியவற்றை மட்டும் சேர்த்தால் போதும். படியெடுத்ததும் அதை மின்சாரத்திலிருந்து கழற்றி, முடிந்தால் வேறொரு வீட்டில் வைத்துவிடுங்கள். எங்களுடையது இப்போது அக்காவின் வீட்டில் இருக்கிறது. அவருடைய திருமணத்தை மாப்பிள்ளை வீட்டாரிடம் இருந்த இன்னொரு டிவிடியிலிருந்து ஏற்றி, அந்த டிஸ்க்கின் 'குடும்பம்' கோப்புறையில் சேர்த்திருக்கிறேன்.