யூடியூப் பெக்கேஜ் போட்டும் மெயின் டேட்டா ஏன் குறைகிறது?

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ரீலோட் கடைக்குப் போனால் "வட்ஸ்அப்புக்கு மட்டும்", "யூடியூப்புக்கு மட்டும்", "இரவுக்கு மட்டும்" என்று கேட்டு டேட்டா போடுகிறவர்களைப் பார்க்கலாம். இணைய நடுநிலை என்ற பெரிய விவாதம் கொழும்பில் நம் கைக்கு வந்து சேர்வது இப்படித்தான். அந்தக் கொள்கை கேட்பது ஒன்றுதான்: போகிற டேட்டா எந்தச் செயலியுடையது என்று பார்த்து, வழங்குநர் அதற்குத் தனி விலையோ தனி வேகமோ தடையோ வைக்கக் கூடாது.

இந்தியாவில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016 பெப்ரவரி 8ஆம் திகதி கொண்டுவந்த ஒழுங்குவிதி, உள்ளடக்கத்தைப் பார்த்து டேட்டாவுக்கு வேறு வேறு விலை வைப்பதைத் தடைசெய்தது. வட்ஸ்அப்புக்கு மட்டுமான மலிவு டேட்டா இங்கே கிடைக்கும், சென்னையில் இருக்கும் சொந்தக்காரருக்குக் கிடைக்காது என்பதற்குக் காரணம் அதுதான். அமெரிக்காவில் 2015இல் இணைய நடுநிலை விதி வந்தது, 2017இல் நீக்கினார்கள், 2024இல் திரும்பக் கொண்டுவந்தார்கள், 2025 ஜனவரியில் நீதிமன்றம் அதையும் ரத்துச் செய்தது. இலங்கையில் இதற்கென்று தனிச் சட்டம் இல்லை. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டமும், அதன் கீழ் இயங்கும் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பொதுவான அதிகாரமும்தான் உண்டு. ஆகவே வாங்கிய பெக்கேஜ் சொன்னபடி ஓடுகிறதா என்று பார்க்கும் வேலை பாவனையாளர் தலையில்தான் விழுகிறது.

எது பெக்கேஜில் சேரும், எது சேராது

நீங்கள் பார்க்கும் வீடியோவை வழங்குநரால் பார்க்க முடியாது. அது மறையாக்கப்பட்டே போகிறது. ஆனால் இணைப்பு தொடங்கும்போது போன் அனுப்பும் முதல் செய்தியில் தளத்தின் பெயர் பெரும்பாலும் திறந்தபடியே போகும். அந்தப் பெயரையும் சேவையகத்தின் ஐபி முகவரியையும் (இணையத்தில் அதற்குள்ள இலக்கம்) வைத்துத்தான் "இது யூடியூப், இது வேறு" என்று கணக்குப் பிரிக்கிறார்கள். பெரும்பாலான குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

பேஸ்புக்கில் ஒரு செய்தி இணைப்பைத் தட்டினால், அது பேஸ்புக் செயலிக்குள்ளேயே திறந்தாலும், டேட்டா வருவது அந்தச் செய்தித் தளத்திலிருந்து. அது மெயின் டேட்டாவில், அதாவது எல்லாவற்றுக்கும் பொதுவான டேட்டாவில் கழியும். வட்ஸ்அப் பெக்கேஜ் மட்டும் இருக்கும்போது, வட்ஸ்அப்பில் வந்த யூடியூப் இணைப்பும் அப்படித்தான். வட்ஸ்அப் அழைப்புகள் சேருமா என்பது பெக்கேஜுக்குப் பெக்கேஜ் மாறும். நிபந்தனையில் "அழைப்பு" என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் சேராது என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு.

விபிஎன் (டேட்டாவை மறைத்து வேறொரு சேவையகம் வழியாக அனுப்பும் செயலி) போட்டால் எல்லா டேட்டாவும் ஒரே சுரங்கப் பாதைக்குள் போய்விடும். யூடியூப் எது, மற்றது எது என்று வழங்குநருக்குத் தெரியாது. முழுவதும் மெயினில் கழியும். ஐபோனில் ஐகிளவுட் பிரைவேட் ரிலே என்ற மறைப்பு வசதி இயங்கினால் சஃபாரியில் திறப்பவற்றுக்கும் இதே கதி. விளம்பரத் தடுப்புக்காக விபிஎன் முறையில் இயங்கும் சில செயலிகளும் இதைச் செய்யும், அது பலருக்குத் தெரிவதில்லை.

பத்து நிமிடச் சோதனை

வைஃபையை நிறுத்துங்கள். அண்ட்ரொய்டில் டேட்டா சேவரைப் போடுங்கள், கூகுள் போட்டோஸ் பேக்கப்பையும் பிளே ஸ்டோர் அப்டேட்டையும் நிறுத்துங்கள். விபிஎன் இருந்தால் அதையும் மூடுங்கள். வழங்குநரின் செயலியில் யூடியூப் மீதி, மெயின் மீதி இரண்டையும் ஸ்கிரீன்ஷொட் எடுங்கள்.

பிறகு யூடியூப்பை மட்டும் 480பி தரத்தில் பத்து நிமிடம் ஓட விடுங்கள். ஏறக்குறைய 50 முதல் 100 எம்பி வரை போகும். உடனே மீதியைப் பார்த்து முடிவுக்கு வரக் கூடாது; கணக்கு புதுப்பிக்க நேரம் எடுக்கும், ஒரு மணித்தியாலம் கழித்துப் பாருங்கள். யூடியூப் மீதியில் அந்தளவு குறைந்து, மெயினில் சில எம்பி மட்டும் குறைந்திருந்தால் பெக்கேஜ் ஒழுங்காக ஓடுகிறது. மெயினிலேயே 80 எம்பி போயிருந்தால் அது முறையிட வேண்டிய விடயம்.

அடுத்த பெக்கேஜ் வாங்குமுன் போனின் டேட்டா பயன்பாட்டுப் பக்கத்தில் போன மாதக் கணக்கைப் பாருங்கள். ஐபோன் அதைத் தானாகப் பூச்சியமாக்காது. மாதத் தொடக்கத்தில் நீங்களே ரீசெட் செய்ய வேண்டும். பாதிக்கும் மேல் ஒரே செயலி என்றால் தனிப் பெக்கேஜ் லாபம். சூம் வகுப்பு, வட்ஸ்அப், பிரவுசர் என்று சிதறிக் கிடந்தால், ஜிபி கணக்கில் கொஞ்சம் விலை கூடினாலும் எல்லாவற்றுக்கும் பொதுவான டேட்டாவே நல்லது. பாதி ஜிபி பாவிக்காமலே காலாவதியாகும் மலிவுப் பெக்கேஜ் மலிவே அல்ல.

வேகத்தைக் குறைக்கிறார்களா, நெரிசலா?

"நெட் ஸ்லோ" என்பதற்குப் பல காரணங்கள். முதலில் வீட்டுக்குள் இருப்பதைக் கழியுங்கள். காலி வீதியோர அடுக்குமாடிகளில் பக்கத்து வீட்டு ரவுட்டர்கள் எல்லாம் 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபை அலைவரிசையில் முட்டிக்கொள்கின்றன. அங்கே ஒன்றோடொன்று மோதாத சனல்கள் 1, 6, 11 மட்டும்தான். ரவுட்டர் பக்கத்தில் நின்று 5 கிகாஹேர்ட்ஸில், முடிந்தால் கேபிளில், சோதியுங்கள்.

ஸ்பீட்டெஸ்ட் செயலி வழக்கமாகக் கொழும்பிலுள்ள சேவையகத்தையே தெரிவுசெய்யும். அது காட்டுவது உங்கள் வீட்டுக்கும் வழங்குநருக்கும் இடைப்பட்ட வேகம். சேவையகத்தைச் சிங்கப்பூருக்கு மாற்றி இன்னொரு முறை ஓட்டுங்கள். அதன்பின் ஃபாஸ்ட் டொட் கொம். இது நெட்ஃபிளிக்ஸ் நடத்தும் சோதனை. டேட்டா நெட்ஃபிளிக்ஸ் சேவையகங்களிலிருந்தே வரும். ஸ்பீட்டெஸ்ட் 30 மெகாபிட், ஃபாஸ்ட் 2 மெகாபிட் என்றால் வீடியோவுக்குத் தனிக் கட்டுப்பாடு இருக்கலாம். (8 மெகாபிட் சேர்ந்தால்தான் ஒரு மெகாபைட். டவுன்லோட் 3 மெகாபைட் என்று காட்டினால் அது 24 மெகாபிட். இதைக் குழப்பிக்கொண்டு சண்டைக்குப் போகாதீர்கள்.)

காலை, பிற்பகல், இரவு 9 மணி என்று மூன்று வேளையும் எழுதி வையுங்கள். இரவில் மட்டும் விழுந்து காலையில் எழும்பினால் அது நெரிசல். எந்த நேரத்திலும் ஒரே எண்ணில், 1.5 அல்லது 2 என்று கோடு போட்டதுபோல் நின்றால் அது வைத்த வரம்பு. நெரிசல் ஏறி இறங்கும், வரம்பு அசையாது. நியாயப் பாவனை வரம்பைத் (இவ்வளவு டேட்டாவுக்குப் பின் வேகம் குறையும் என்ற எல்லையை) தாண்டிய பின்னும் இப்படி நிற்கும், ஆகவே மீதியை முதலில் பாருங்கள்.

இன்னும் சந்தேகமா? அதே இடத்தில், அதே நேரத்தில், விபிஎன் இல்லாமல் மூன்று முறை, போட்டு மூன்று முறை ஓட்டுங்கள். விபிஎன்னோடு கொஞ்சம் குறைவது இயல்பு. பல மடங்கு கூடினால் செயலியைப் பார்த்துக் குறைக்கிறார்கள் என்பதற்கு வலுவான அறிகுறி. பாதை மாறியதாலும் கூடலாம் என்பதால் அதை மட்டும் ஆதாரமாக வைக்காதீர்கள். வேஹி என்ற செயலி இன்னும் நுட்பமானது: யூடியூப், நெட்ஃபிளிக்ஸ் போன்றவற்றின் டேட்டாவை அப்படியே ஒரு முறையும், அடையாளம் தெரியாதபடி மாற்றி இன்னொரு முறையும் அனுப்பி ஒப்பிடும்.

யூடியூப் பறக்கிறது, வெளிநாட்டுச் சிறு தளம் ஊர்கிறது என்பதை உடனே பாகுபாடு என்று சொல்லிவிட முடியாது. கூகுளும் நெட்ஃபிளிக்ஸும் தங்கள் வீடியோக்களின் பிரதிகளை வைத்திருக்கும் சேமிப்புச் சேவையகங்களை வழங்குநர்களின் வலையமைப்புக்குள்ளேயே வைப்பதுண்டு. சிறு தளத்தின் டேட்டா கடலடிக் கேபிள் வழியாக வர வேண்டும். கேபிள் பழுதானால் முதலில் தடுமாறுவது அதுதான்.

தளமே திறக்காவிட்டால்

2018 மார்ச், 2019 ஏப்ரல், 2022 ஏப்ரல் 3 ஆகிய காலங்களில் இலங்கையில் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. அப்போது எந்தப் பெக்கேஜும் உதவவில்லை. முடக்கமா, செயலியின் கோளாறா என்று பிரித்தறிய ஊனி புரோப் செயலி போதும். எது, எந்த முறையில் தடைப்படுகிறது என்று சொல்லும். முடிவுகளைப் பகிரங்கமாக வெளியிடும் என்பதை நிறுவும்போதே கவனியுங்கள். அவசரத்தில் கண்ணில் பட்ட இலவச விபிஎன்னைப் போடுவது, வழங்குநரிடமிருந்து மறைத்ததை முகம் தெரியாத இன்னொருவரிடம் கொடுப்பதுதான்.

முறைப்பாடு

முதலில் வழங்குநரிடம். தொலைபேசியில் பேசினாலும் முறைப்பாட்டு இலக்கம் கேட்டு வாங்குங்கள், அதே விபரத்தை மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். "நெட் வேலை செய்யுதில்லை" என்று எழுதினால் "ரவுட்டரை ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்கள்" என்றே பதில் வரும். இப்படி எழுதுங்கள்: "பம்பலப்பிட்டி. 12ஆம் திகதி இரவு 9.10. யூடியூப் பெக்கேஜ் இயங்கும் நிலையில், விபிஎன் இல்லாமல், யூடியூப் மட்டும் 10 நிமிடம். மெயின் டேட்டாவில் 84 எம்பி கழிந்தது, யூடியூப் மீதி மாறவில்லை. முன், பின் ஸ்கிரீன்ஷொட் இணைப்பில்." பெக்கேஜ் வாங்கிய நாளில் வந்த எஸ்எம்எஸ்ஸை அழிக்காமல் வையுங்கள், நிபந்தனைப் பக்கத்தையும் அன்றே படம் பிடியுங்கள், பிறகு மாறிவிடலாம்.

பதில் திருப்தியில்லை என்றால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு: தொலைபேசி 1900, அலுவலகம் கொழும்பு 8, எல்விட்டிகல மாவத்தை, 276. வழங்குநர் தந்த முறைப்பாட்டு இலக்கத்தைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். இணைய நடுநிலை மீறப்பட்டது என்று வாதாடப் போகாதீர்கள், அதற்குப் பிடிக்க இங்கே தனிச் சட்டம் இல்லை. விற்கும்போது சொன்னது ஒன்று, கழிந்தது இன்னொன்று என்று எழுதுங்கள்; அதற்கு அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.