கை கால் சும்மா இருக்க மாட்டேன் என்கிறதா? படிப்படியாக ஒரு வழி

"உட்கார்ந்துகொண்டு காலாட்டாதே, வீட்டுக்கு ஆகாது" என்று பாட்டியோ அத்தையோ அதட்டாத வீடு நம் பக்கம் குறைவு. அதட்டியதும் கால் நிற்கும், கொஞ்ச நேரத்தில் திரும்ப ஆட ஆரம்பிக்கும், ஏனென்றால் யாரும் அதை வேண்டுமென்று செய்வதில்லை, கவனம் வேறெங்கோ இருக்கும்போது உடம்பு தானாகச் செய்துகொள்கிறது. நகம் கடிப்பது, பேனாவை டிக் டிக் என்று அமுக்குவது, துப்பட்டா நுனியைத் திருகுவது, சொடக்கு எடுப்பது, முடியைச் சுருட்டுவது எல்லாம் இந்த வகைதான். அடக்கச் சொல்லி யாரையும் மாற்ற முடியாது என்பது என் உறுதியான எண்ணம். எந்த அசைவை விட்டுவிடலாம், எதை மாற்ற வேண்டும் என்று பிரித்துப் பார்த்தால் வேலை பாதியாகிவிடும்.

முதலில், இது ஏன் வருகிறது?

பெரும்பாலும் சலிப்பு, பதற்றம், அல்லது ஒரே இடத்தில் நெடுநேரம் உட்கார்ந்திருப்பது. 1885-லேயே பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய அறிஞர் ஒரு சலிப்பான கூட்டத்தில் உட்கார்ந்து, கேட்பவர்கள் எத்தனை முறை நெளிகிறார்கள் என்று எண்ணி நேச்சர் இதழில் எழுதியிருக்கிறார். பேச்சில் மனம் ஈடுபட்டபோது நெளிவதும் குறைந்ததாம்.

இந்த அசைவால் நன்மையும் உண்டு. அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்தில் 2016-ல் வெளிவந்த ஆய்வில், சிலரை மூன்று மணி நேரம் உட்காரவைத்து, ஒரு காலை மட்டும் அவ்வப்போது ஆட்டச் சொன்னார்கள், இன்னொன்றை அசைக்காமல் வைக்கச் சொன்னார்கள். அசையாமல் வைத்திருந்த காலில் ரத்தக் குழாயின் செயல்பாடு குறைந்தது, ஆடிய காலில் அப்படி ஆகவில்லை. இங்கிலாந்தில் பிளிமத் பல்கலைக்கழகத்தின் ஜாக்கி ஆன்ட்ரேட், சலிப்பூட்டும் ஒரு ஒலிப்பதிவைக் கேட்கவைத்துச் சோதித்தபோது, கேட்டுக்கொண்டே தாளில் கட்டங்களை நிரப்பியவர்களுக்கு 29 சதவீதம் அதிகம் நினைவில் நின்றது. ஆக, வகுப்பில் நோட்டின் ஓரத்தில் கிறுக்குகிற பிள்ளை பாடத்தைக் கவனிக்கவில்லை என்று உடனே முடிவுகட்டாதீர்கள்.

படி 1: கவனித்து எழுதுங்கள்

ஒரு வாரம் எதையும் மாற்ற வேண்டாம். எப்போது, எங்கே, என்ன செய்துகொண்டிருந்தபோது, எந்த அசைவு என்று மட்டும் போனில் குறித்துக்கொள்ளுங்கள். அசைவுக்கு ஒரு நொடி முன்னால் என்ன நடக்கிறது என்பதுதான் இதில் முக்கியம். நகம் கடிப்பவர்களைப் பாருங்கள், கை வாய்க்குப் போகும் முன்பே கட்டைவிரல் மற்ற நகங்களைத் தடவி, எங்கே பிசிறு இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கும். அந்தத் தடவலைப் பிடித்துவிட்டால் கடிப்பதை நிறுத்துவது எளிது. நமக்கே தெரியாமல் நடப்பதால் வீட்டில் ஒருவரிடம் சொல்லி வைக்கலாம், ஆனால் "பார், திரும்ப ஆரம்பிச்சுட்டே" என்று நாலு பேர் முன்னால் சொல்லாமல், தோளில் லேசாகத் தட்டுபவராக இருக்க வேண்டும்.

படி 2: பிரியுங்கள்

யாருக்கும் தொல்லையில்லாததை அப்படியே விடுங்கள். சொடக்கு எடுத்தால் மூட்டுவாதம் வரும் என்று பலர் பயப்படுகிறார்கள். டொனால்ட் அங்கர் என்ற அமெரிக்க மருத்துவர் அறுபது ஆண்டுகளாக ஒரு கையில் மட்டும் சொடக்கு எடுத்துப் பார்த்தார், இரண்டு கையிலும் மூட்டுவாதம் வரவில்லை. ஒரே மனிதரின் சோதனைதான் என்றாலும் எத்தனை பொறுமை! வலியோ வீக்கமோ இருந்தால் மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள். பேனா சத்தம், பெஞ்சையே ஆட்டும் கால் எல்லாம் பக்கத்தில் இருப்பவரைப் படுத்துபவை. நகம், தோல் கடிப்பதோ நகச்சுத்து வரைக்கும் கொண்டுபோய் விடும். இந்த இரண்டு வகைக்குத்தான் அடுத்த படி தேவை.

படி 3: மாற்று அசைவு

நேதன் அஸ்ரின், கிரெகரி நன் என்ற இரு உளவியலாளர்கள் 1973-ல் வெளியிட்ட முறை இது, இன்றும் சிகிச்சையில் பயன்படுகிறது. பழைய அசைவைச் செய்யவே முடியாதபடி இன்னொன்றைச் செய்ய வேண்டும், அதுவும் பார்ப்பவர் கண்ணில் படக்கூடாது. நகத்துக்குக் கை போகத் தொடங்கியதும் விரல்களை மடக்கி, மிதமாக இறுக்கி, ஒன்று முதல் மூன்று நிமிடம் அப்படியே வைத்திருங்கள். கூடவே நகத்தை ஒட்ட வெட்டி, பிசிறு இல்லாமல் தேய்த்து வைத்தால் விரல் தேடுவதற்கே ஒன்றும் இருக்காது. கால் ஆடினால் இரண்டு குதிகாலையும் தரையில் ஊன்றி அழுத்துங்கள், அல்லது செருப்புக்குள் கால்விரல்களை மடக்கி விரியுங்கள். பேனாவுக்கு வழி ரொம்பச் சுலபம், மூடி போட்ட பேனா வாங்கிவிடுங்கள்.

கைக்கு ஏதாவது வேண்டும் என்பவர்கள் ரப்பர் பேண்டோ வழவழப்பான கூழாங்கல்லோ சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம். 2017-ல் கடைகடையாகத் தொங்கிய சுழலும் ஸ்பின்னரை நான் சிபாரிசு செய்ய மாட்டேன், அது கண்ணையும் சேர்த்து இழுத்துவிடுகிறது. பார்க்காமலே உருட்டக்கூடிய பொருள்தான் சரி.

ஒரு நாள் மறந்து பழையபடி கடித்துவிட்டால் அதையும் குறித்துவிட்டு, அடுத்த முறை கை எழும்போது தொடருங்கள்.

படி 4: உடம்புக்கு வேறு வேலை கொடுங்கள்

அரை மணிக்கு ஒருமுறை எழுந்திருங்கள், போன் பேசும்போது நடங்கள், மாலைக்கு மேல் காபி, டீயைக் குறையுங்கள். பிள்ளைகளுக்கும் இதேதான். நெளிகிற மாணவனிடம் "நோட்டையெல்லாம் அடுக்கி ஸ்டாஃப் ரூமில் வைத்துவிட்டு வாப்பா" என்று சொல்கிற ஆசிரியர், அவனுக்குப் பெரிய உதவி செய்கிறார்.

எப்போது மருத்துவரைப் பார்ப்பது?

மாலையிலும் இரவிலும் படுத்தால் காலுக்குள் ஏதோ ஊர்வதுபோல் இருந்து, அசைத்தால்தான் அடங்குகிறது என்றால் அது வெறும் பழக்கம் இல்லை, அமைதியற்ற கால் நோயாக இருக்கலாம். இரும்புச் சத்துக் குறைவு இதற்கு ஒரு காரணம், கர்ப்பிணிகளுக்கும் சிறுநீரக நோயாளிகளுக்கும் அதிகம் வரும், உடம்பில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிடின் ரத்தப் பரிசோதனையில் ஆரம்பிப்பார்கள். கை நடுக்கம், படபடப்பு, எடை குறைவு சேர்ந்திருந்தால் தைராய்டு பார்க்க வேண்டும். வீட்டிலும் பள்ளியிலும் மாதக்கணக்கில் ஒன்றிலும் நிலைக்க முடியாமல் தவிக்கிற பிள்ளையை, திட்டுவதை விட்டு, குழந்தைகள் மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். சில மனநல மருந்துகளும் வாந்தி மாத்திரைகளும் உட்காரவே விடாத தவிப்பைக் கொடுக்கும். புது மருந்து தொடங்கிய பிறகு அப்படி ஆனால் நீங்களாக நிறுத்தாமல், எழுதிக்கொடுத்த மருத்துவரை அன்றே அழைத்துச் சொல்லுங்கள்.