உப்புக் காற்றைத் தாங்கும் வேலி, முன்தாழ்வாரம், மரத்தளம்

கோவளம் தொடங்கி நாகப்பட்டினம், வேதாரண்யம் வரை கடலை ஒட்டிய வீடுகளில் வேலியும் முன்தாழ்வாரமும்தான் முதலில் கெடுகின்றன. மரம் மட்டம், கொத்தனார் வேலை சரியில்லை என்று சொல்வார்கள். பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் இரும்புதான் போயிருக்கும்: காங்கிரீட் காலுக்குள் இருக்கும் கம்பி, பலகைக்குள் இறங்கிய ஆணி, பைப்பின் உள்பக்கம். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இரும்பு வைக்காதீர்கள். வைத்தே ஆகவேண்டும் என்றால் அந்த இடத்தில் மட்டும் காசு பார்க்காதீர்கள்.

உப்பு, காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துத் தன்னோடு வைத்துக்கொள்ளும். வெயில் அடித்தாலும் உப்பு படிந்த இரும்பு முழுசாகக் காய்வதில்லை. மழை படுகிற இடத்தில் அந்த உப்பு அவ்வப்போது கழுவிப் போய்விடும். கூரைக்கு அடியில் அது சேர்ந்துகொண்டே இருக்கும். அதனால்தான் தாழ்வாரத்தில் மழைக்கு ஒதுக்கான போல்ட், வெளியே நனைகிற போல்ட்டுக்கு முன்பே துருப்பிடிக்கிறது. மழை படாத இடம்தானே என்று அங்கே மட்டமான சாமான் போடுவது பெரிய தவறு.

கடலின் உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் மனை இருந்தால், குழி தோண்டும் முன்பே கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளை உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கட்டிய பிறகு கேட்டால் செலவு இரட்டிப்பாகும்.

வேலி

கடையில் கிடைக்கிற நாலு அங்குலச் சதுர காங்கிரீட் கால் கடற்கரைக்கு ஆகாது. கடலோரக் காற்று படும் கம்பி காங்கிரீட்டுக்கு இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456 கேட்பது எம்30 என்ற வலுவுள்ள கலவை, கம்பிக்கு மேல் 45 மி.மீ. காங்கிரீட் மூடல். அலைத் துளி நேரே தெறிக்கும் இடத்துக்கு எம்35, 50 மி.மீ. நாலு அங்குலக் காலில் இருபுறமும் 45 மி.மீ. விட்டால் நடுவில் மிஞ்சுவது ஒரு சென்டிமீட்டர். நடப்பில் கம்பி மேலிருந்து 15 மி.மீ. ஆழத்தில்தான் கிடக்கும். உப்பு உள்ளே போய், கம்பி துருப்பிடித்து ஊதி, காலின் மூலை நெடுக்காக வெடிக்கும். அதன்மேல் சிமென்ட் பூசுவது வீண்.

அதற்குப் பதில் கருங்கல் கால் போடுங்கள். உள்ளே இரும்பே இல்லாததால் துருப்பிடிக்க எதுவும் இல்லை. ஏழடி உயரம், சுமார் 6 × 4 அங்குலக் குறுக்கு இருந்தால் போதும். மணல் தரையில் இரண்டடி புதைத்தால் ஆடும். இரண்டரை அடி இறக்குங்கள். வாங்கும்போது ஒவ்வொரு கல்லையும் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலித்தால் உள்ளே கீறல் இருக்கிறது, வேண்டாம்.

நூறடி வேலிக்கு எட்டடி இடைவெளி என்று வைத்தால் 13 கண் (இரண்டு காலுக்கு நடுவே உள்ள பகுதி), 14 கால். மூலைக்கும் கேட்டுக்கும் தனி. மூலைக் காலுக்கு இரண்டு பக்கமும் சாய்வாக முட்டுக்கல் கொடுங்கள். முட்டு இல்லாமல் கம்பி வலையை இழுத்தால் மூலைக் கல் உள்பக்கம் சாயும், வலை தொங்கும்.

காய்ந்த மணலில் குழி நிற்காது, தோண்டத் தோண்டச் சரியும். முந்தின நாள் மாலை தண்ணீர் விட்டு ஊறவையுங்கள். அப்படியும் சரிந்தால் ஓரடி அகலச் சிமென்ட் உறையோ அடி வெட்டிய டிரம்மோ இறக்கி, உள்ளே மணலை அள்ளிக்கொண்டே கீழே தள்ளுங்கள். கல்லை நிறுத்தி, தூக்குக்குண்டு பிடித்து இரண்டு பக்கமும் பார்த்த பிறகே கலவை கொட்ட வேண்டும்.

கலவை 1:1½:3. பதினாலு குழிக்கு ஐந்து மூட்டை சிமென்ட், பத்து கன அடி எம்-சாண்ட், இருபது கன அடி முக்கால் அங்குல ஜல்லி பிடிக்கும். ஒரு மூட்டைக்குத் தண்ணீர் 25 லிட்டருக்கு மேல் போகக்கூடாது. மணல் ஈரமாக இருந்தால் இன்னும் குறையுங்கள். எளிதாகக் கொட்ட வேண்டும் என்று குடம் குடமாக ஊற்றினால், தண்ணீர் காய்ந்த இடமெல்லாம் நுண்துளையாகி உப்புக்கு வழி விடும். ஸ்லாக் (இரும்பாலைக் கசடு) கலந்த சிமென்ட் அல்லது சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்ட் வாங்குங்கள், உப்பை நன்றாகத் தாங்கும். கடல் மணல் கூடவே கூடாது. உவர்க் கிணற்றுத் தண்ணீரும் வேண்டாம், கொட்டிய கலவையை நனைத்து வைப்பதற்கும் (கியூரிங்) நல்ல தண்ணீர்தான். குழியின் மேல்மட்டத்தைத் தரைக்கு இரண்டு அங்குலம் மேலே தூக்கி, வெளிப்பக்கம் சரிவாக இழைத்துவிடுங்கள்.

வலைக்கு, துத்தநாகம் பூசி அதன்மேல் பி.வி.சி. பூசிய பத்து கேஜ் கம்பி, நாலடி உயரம். மேலே, நடுவே, கீழே என்று மூன்று இழுப்புக் கம்பி ஓட்டுங்கள். வலையின் அடியை மண்ணில் புதைக்காமல் இரண்டு அங்குலம் தூக்கியே கட்டுங்கள். வெட்டிய ஒவ்வொரு நுனியிலும் இரும்பு திறந்து கிடக்கும். அன்றைக்கே துத்தநாகம் மிகுந்த பெயின்ட்டைத் தொட்டு வையுங்கள். பி.வி.சி. தோலுக்கு அடியில் துரு ஓடினால் வெளியே தெரியவே தெரியாது.

மறைப்புக்காகத் தகரமோ பலகையோ முழுசாக அடிக்க நினைப்பவர்கள் காற்றைக் கணக்கில் எடுக்க வேண்டும். சென்னைக் கடலோரத்துக்கு வடிவமைப்புக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ. அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ அழுத்தம் வரும். எட்டடி அகலம், ஆறடி உயரம் உள்ள ஒரு கண்ணின் மேல் மட்டும் 650 கிலோவுக்கு மேல். தரையோரத்தில் காற்று கொஞ்சம் தணியும் என்றாலும் மணலில் நிற்கும் கால் அதைத் தாங்காது. பலகைக்குப் பலகை இடைவெளி விட்டு, மூன்றில் ஒரு பங்காவது காற்று புகும்படி அடியுங்கள். பனைமட்டையும் கீற்றும் அடைத்த வேலி புயலில் போனாலும் மறுவாரம் கட்டிவிடலாம். அதில் ஒரு நியாயம் இருக்கிறது. சவுக்குக் கழி மலிவு, ஆனால் மண்ணோடு சேரும் இடத்தில் சீக்கிரம் இற்றுவிடும். இடம் தாராளமாக இருந்தால் கிளுவைப் போத்து நட்டு உயிர்வேலி ஆக்குவது நல்லது.

முன்தாழ்வாரம்

2016 டிசம்பரில் வர்தாவும் 2018 நவம்பரில் கஜாவும் அடித்தபோது பறந்த கூரைகளை நினைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். 12 × 8 அடித் தாழ்வாரம் என்றால் சுமார் 9 சதுர மீட்டர். திறந்த தாழ்வாரத்தின் அடியில் புகும் காற்று கூரையை மேலே தூக்கும். அதே 150 கிலோக் கணக்கில் அது 1,350 கிலோ. சீமை ஓடும் கைமரமும் சேர்ந்து கூரையின் எடை 500 கிலோ அளவுதான் இருக்கும். மிச்சத்தைப் பிடித்து நிறுத்த வேண்டியது இணைப்புகள். கைமரத்துக்கு உத்திரம், உத்திரத்துக்குத் தூண், தூணுக்கு அடித்தளம் என்று ஒன்றுவிடாமல் பூட்டு இருக்க வேண்டும். ஒரு இடத்தில் வெறும் ஆணி அடித்து விட்டால் முழுக்கூரையும் அந்த இடத்தில் பிரியும்.

தூணைத் தரையில் புதைக்கவே கூடாது. பழைய திண்ணை வீடுகளில் மரத்தூண் கல்லின் மேல் நிற்பதற்குக் காரணம், தூணின் அடி காய வேண்டும் என்பதே. அதையே செய்யுங்கள், கூடவே தூக்குவிசைக்குப் பிடிப்பும் கொடுங்கள். 6 மி.மீ. தகட்டில் யூ வடிவ ஷூ செய்து, அதில் 12 மி.மீ. போல்ட் இரண்டு குறுக்காகப் போட்டு, தூணின் அடிக்கும் தகட்டுக்கும் நடுவே 15 மி.மீ. இடைவெளி விடுங்கள். யூவின் அடியில் தண்ணீர் வடிய 12 மி.மீ. துளை ஒன்று வேண்டும். இது இல்லாவிட்டால் ஷூவே தண்ணீர்த் தொட்டியாகித் தூணை அழுகவைத்துவிடும்.

ஷூவை வெட்டி, துளைத்து, வெல்டு அடித்து எல்லாம் முடித்த பிறகே ஹாட் டிப்புக்கு, அதாவது உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுக்க, அனுப்புங்கள். டிப் போட்டு வந்தபின் வெல்டு வைத்தால் அந்த இடத்தில் துத்தநாகம் எரிந்துபோகும். ஹாட் டிப்பில் தடிமனான தகட்டுக்கு ஏறத்தாழ 85 மைக்ரான் ஏறும். கடையில் பளபளவென்று விற்கும் மின்முலாம் போட்ட போல்ட்டில் பத்து மைக்ரான்கூட இருக்காது. கண்ணுக்கு இரண்டும் துத்தநாகம்தான், ஆயுளில் ஒப்பிடவே முடியாது.

ஸ்டெயின்லெஸ் என்றாலே துருப்பிடிக்காது என்று நம்ப வேண்டாம். 304 ரகத்தில் கடற்கரையில் தேநீர்க் கறை போலப் பழுப்புப் படரும். 316 வாங்குங்கள், அதில் உப்பைத் தாங்க உதவும் மாலிப்டினம் இருக்கிறது. காந்தம் வைத்துப் பார்ப்பது இதற்குப் பயன்படாது, இரண்டுமே பெரும்பாலும் ஒட்டாது. போல்ட் தலையில் ஏ4 என்று பொறித்திருந்தால் 316 ரகம், ஏ2 என்றால் 304. ஸ்டெயின்லெஸ் நட்டை மிஷின் வைத்து வேகமாக முடுக்கினால் மரை ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும், பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும். மரையில் கிரீஸ் தடவி, கையால் மெதுவாக முடுக்குங்கள். அலுமினியத் தகட்டில் ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டால் நடுவே நைலான் வாஷர் கட்டாயம்.

வீட்டுச் சுவரை ஒட்டிய உத்திரத்தைச் செங்கல்லில் பூட்டாதீர்கள். லிண்டல் அல்லது பீமில் துளையிட்டு, தூசியை ஊதி எடுத்து, கெமிக்கல் ஆங்கர் (துளைக்குள் இறுகிக் கம்பியைப் பிடிக்கும் பசை) வைத்து 12 மி.மீ. 316 கம்பியை இரண்டடிக்கு ஒன்றாக இறக்குங்கள். சுவருக்கும் மரத்துக்கும் நடுவே 10 மி.மீ. இடைவெளி இருக்கட்டும்.

சதுர பைப்பில் தாழ்வாரம் செய்பவர்கள் அதிகம். பைப்பின் உள்பக்கத்துக்கு யாரும் பெயின்ட் அடிப்பதில்லை, துரு அங்கிருந்து வெளியே வரும். பைப்புதான் என்று முடிவானால் நுனிகளைத் தகடு வைத்து முழுசாக வெல்டு அடித்து அடைத்துவிடுங்கள். பெயின்ட்டுக்கு வரிசை: துத்தநாக எபாக்ஸி பிரைமர், நடுவே எபாக்ஸி, மேலே பி.யூ. (பாலியூரித்தேன்). ஒவ்வொரு கோட்டுக்கும் முன்னால் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிட வேண்டும். இரவில் படிந்த உப்பின் மேலே அடித்த பெயின்ட் கொப்பளித்து உரியும்.

மரத்தளம்

தேக்கு, வேங்கை இரண்டும் தாங்கும். வைரம் பாய்ந்த பகுதி மட்டும் வேண்டும். வெள்ளை ஓடிய பலகையை ஆசாரி நல்லது என்று சொன்னாலும் வாங்க வேண்டாம், கரையான் முதலில் அதைத்தான் பிடிக்கும்.

12 × 10 அடித் தளத்துக்கு, 12 அடி நீளம், நாலு அங்குல அகலம், ஓரங்குலத் தடிமனில் 29 பலகை. அடியில் 3 × 2 அங்குலச் சட்டம், பத்தடி நீளத்தில் 11. ஒரு சட்டத்துக்கு நாலு கல் வைத்துத் தாங்குங்கள், கல்லுக்கும் மரத்துக்கும் நடுவே தார் அட்டைத் துண்டு. தரைக்கும் சட்டத்துக்கும் இடையே அரையடியாவது காற்று ஓட வேண்டும். பலகை சந்திக்கும் ஒவ்வொரு இடத்திலும் இரண்டு ஸ்க்ரூ, மொத்தம் 638, எழுநூறு வாங்குங்கள். 5 மி.மீ. தடிமன், 60 மி.மீ. நீளம், 316 ரகம். தேக்கில் முன்துளை போடாமல் முறுக்கினால் பலகை நுனி பிளக்கும், அல்லது ஸ்க்ரூவின் தலை முறியும். சாதா இரும்பு ஆணி போட்டால் அதைச் சுற்றி மரம் கறுத்து ஒழுகும்.

பலகைக்கு நடுவே 6 மி.மீ. விடுங்கள். அதற்குக் குறைந்தால் கடற்கரை மணல் சிக்கி அடைத்து, தண்ணீர் இறங்காமல் பலகை ஓரம் அழுகும். வெட்டிய நுனிகளை உடனே எண்ணெய்ப் பூச்சால் இரண்டு முறை நனையுங்கள், ஈரம் ஏறுவது நுனி வழியாகத்தான். மேலே படலமாக நிற்கும் வார்னிஷ் வேண்டாம். வெயிலில் வெடித்து உரிந்தால் முழுசும் சுரண்டிவிட்டுத்தான் மறுபடி அடிக்க முடியும்.

வேலையை மாசிக்கும் ஆடிக்கும் நடுவே முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை குழாயில் நல்ல தண்ணீர் பிடித்து, கூரையின் அடிப்பக்கம், ஷூ, போல்ட், கேட்டுக் கீல் எல்லாவற்றையும் கழுவ வேண்டும். ஐப்பசி மழைக்கு முன்னால் எல்லா நட்டையும் ஒரு சுற்று முடுக்குங்கள். மரம் காய்ந்து சுருங்கியதில் முதல் வருடம் எல்லாமே கொஞ்சம் தளர்ந்திருக்கும்.